நான்கு விரல்களும் ஒரு கைதட்டலும்

நம்மவர் கூடும் மண்டபத்தில் கைதட்டலுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பேசினால் தட்டுவோம், பாடினால் தட்டுவோம், பாடல் வரி மறந்து பாதியில் நின்றுவிட்டால் இன்னும் பலமாகத் தட்டுவோம். இது நல்ல மனத்தின் அடையாளம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், இந்த நல்ல மனமே நம்மில் பலரை அரைகுறையாக நிறுத்திவிடுகிறது என்பது என் கருத்து. இதை எனக்கு உணர்த்தியது ஒரு கித்தார். இன்னும் சரியாகச் சொன்னால், கித்தாரில் இரண்டு விநாடிக்குள் ஒலித்து மறையும் ஓர் அலங்காரம்.

நான் ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது நான் ஐந்தாம் படிவ மாணவன். பள்ளி மூடப்பட்டது, எஸ்.பி.எம். தேர்வு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. அலமாரிக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்த மாமாவின் நைலான் தந்திக் கித்தாரை அப்போதுதான் கையில் எடுத்தேன். 1982இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் ‘இளைய நிலா’ பாடலுக்கு வரும் கித்தாரை எப்படியாவது வாசித்துவிட வேண்டும் என்பதே முதல் ஆசை. அந்த ஆசை நிறைவேறவில்லை. ஆனால், தந்திகளை விரல்களால் தனித்தனியே மீட்டும் பழக்கம் வந்தது. இலவசக் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, அந்தப் பழக்கமே என்னைச் செவ்வியல் கித்தாரின் பக்கம் கொண்டு போய்ச் சேர்த்தது.

அங்கேதான் தொமேனிகோ ஸ்கார்லாட்டி எனக்கு அறிமுகமானார். 1685இல் நேப்பிள்ஸ் நகரில் பிறந்து, 1757இல் மாட்ரிட் நகரில் மறைந்தவர். 555 சொனாட்டாக்களை எழுதியவர். அவற்றுள் பெரும்பாலானவை ஹார்ப்சிகார்ட் என்னும் விசைக்கருவிக்காக எழுதப்பட்டவை. பின்னாளில் கித்தார்க் கலைஞர்கள் அவற்றுள் பலவற்றைத் தங்கள் கருவிக்கு மாற்றிக்கொண்டார்கள். நான் தேர்ந்தெடுத்தது ‘கே. 32’ என்று எண்ணிடப்பட்ட, டி மைனரில் அமைந்த ‘ஆரியா’. ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் சிறிய உருப்படி. சுரங்கள் அதிகமில்லை. ஆனால், ‘டிரில்’ என்னும் அலங்காரம் அதில் அடிக்கடி வரும்.

டிரில் என்பது அடுத்தடுத்த இரண்டு சுரங்களை மாற்றி மாற்றி விரைவாக ஒலிப்பது. கித்தாரில் இதை இரண்டு வழிகளில் செய்யலாம். ஒரே தந்தியில் வலக்கையால் ஒருமுறை மீட்டிவிட்டு, இடக்கை விரலைத் தட்டியும் இழுத்தும் மற்றச் சுரங்களை எழுப்புவது ஒரு வழி. இது எளிது. ஆனால், ஒருமுறை மீட்டிய ஒலி தேய்ந்துகொண்டே போகும். இரண்டாவது வழி, இரண்டு சுரங்களையும் பக்கத்துப் பக்கத்துத் தந்திகளில் வைத்து, ஒவ்வொன்றையும் வலக்கையாலேயே மீட்டுவது. மோதிர விரல் முதல் தந்தியில், ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தியில், நடுவிரல் மீண்டும் முதல் தந்தியில், கட்டை விரல் மீண்டும் இரண்டாம் தந்தியில். இந்த நான்கும் ஒரு சுற்று. சுற்று வேகமெடுத்தால் சிறிய மணிகளை உருட்டிவிட்டது போலக் கேட்கும். ஹார்ப்சிகார்டில் விசையை அழுத்தும்போதெல்லாம் உள்ளே ஒரு சிறு அலகு தந்தியை மீட்டுகிறது. இரண்டாவது வழியிலும் ஒவ்வொரு சுரமும் தனியாக மீட்டப்படுவதால், அந்தக் கருவியின் ஒலிக்கு இதுவே நெருங்கி வரும். கிளாஸ்கோவில் பிறந்த கித்தார்க் கலைஞர் டேவிட் ரஸ்ஸல் இவ்வகை டிரிலுக்குப் பெயர் பெற்றவர். அவர் வாசிக்கும் காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் நானும் ஆசைப்பட்டேன்.

ஆசைப்பட்டு மூன்றே வாரத்தில் மேடையேறிவிட்டேன். அதுதான் நான் செய்த தவறு.

பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. நம் தமிழ் மாணவர்களின் கலை இரவு. இரண்டு நடனங்களுக்கு இடையில் உடை மாற்ற நேரம் தேவைப்பட்டது. “நீதான் கித்தார் வாசிப்பியாமே, ரெண்டு நிமிஷம் ஏறு” என்றார்கள். ஏறினேன். குளிரூட்டியில் விரல்கள் விறைத்திருந்தன. முதல் டிரில் எப்படியோ கடந்தது. இரண்டாவதில் மோதிர விரல் பின்தங்கியது. மூன்றாவதில் நான்கு விரல்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு முடித்தேன். மண்டபமே எழுந்து தட்டியது. சீழ்க்கை ஒலி வேறு. அன்றிரவு கைப்பேசியில் குறுஞ்செய்திகள் குவிந்தன. ‘சூப்பர்’, ‘தூள்’, ‘நம்ம பையன்டா!’

நிகழ்ச்சிக்குப் பிறகு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். முன்னாள் மாணவி ஒருவர் அருகில் வந்தார். வயலின் கற்றவராம். மெதுவாகத்தான் கேட்டார்.

“தம்பி, உங்க வாசிப்புல ஒரு விரல் நொண்டுது. எந்த விரலுன்னு தெரியுமா?”

எனக்குச் சுருக்கென்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஒலிவாங்கியைக் குறை சொன்னேன், குளிரூட்டியைக் குறை சொன்னேன், மாமாவின் பழைய கித்தாரையும் விடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேடையின் மேலே கையைக் காட்டினார்.

“அந்தப் பதாகையை யாராவது படிச்சீங்களா?”

நிமிர்ந்து பார்த்தேன். ‘அணைவரையும் அன்புடன் வரவேற்கிறோம்’ என்று ஆளுயர எழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அனைவரையும் என்பதற்குப் பதில் அணைவரையும்! அணை வரைக்கும் வரவேற்று, அதற்கு அப்பால் உள்ளவர்களை விட்டுவிட்டோம் போலும். அந்த வாசகத்தைத் தட்டச்சு செய்தவன் வேறு யாருமல்லன், நானேதான். மாலை முழுவதும் அந்தப் பதாகையின்கீழ் தமிழின் இனிமையைப் பற்றிப் பேசினோம். எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். சிலராவது கவனித்திருப்பார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. விரல் நொண்டியதற்கும் கைதட்டல். எழுத்து நொண்டியதற்கும் கைதட்டல்.

விடுதிக்குத் திரும்பியதும் கதவைச் சாத்திவிட்டு, கைப்பேசியில் என் வாசிப்பைப் பதிவு செய்து கேட்டேன். அந்த அக்கா சொன்னது உண்மை. மோதிர விரல்தான். அதன் தசைநார் பக்கத்து விரல்களின் தசைநார்களோடு பிணைந்திருப்பதால் அது தனித்து இயங்கச் சிரமப்படும். கட்டை விரலுக்கோ வலிமை அதிகம். ஒலி தடித்து விழும். நான்கில் ஒன்று மெலிந்து, ஒன்று தடித்தால், சுற்று உருளாது, நொண்டும். வேகமாக வாசிக்கும்போது என் காதுக்கு அது தெரியவே இல்லை. வேகம் குறையை மூடிவிடும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் முதல் மெட்ரோனோமை 50இல் வைத்தேன். ஒரு தட்டுக்கு ஒரே ஒரு சுரம். முதல் தந்தியை அழுத்தாமல் விட்டால் இ. இரண்டாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் டி. இந்த இரண்டு சுரங்கள் மட்டும். மோதிரம், ஆள்காட்டி, நடு, கட்டை. மோதிரம், ஆள்காட்டி, நடு, கட்டை. ஒரு நாள் மோதிர விரலுக்கு மட்டும் அழுத்தம் கொடுப்பேன்; மறுநாள் ஆள்காட்டிக்கு. தந்திகளின் அடியில் ஒரு துணியைச் செருகி ஒலியை அடக்கிவிட்டு, தாளம் மட்டும் சீராக இருக்கிறதா என்று கேட்பேன். நகத்தை அரத்தால் தேய்த்து ஒரே அளவில் வைத்துக்கொள்வேன். விடுமுறையில் வீட்டுக்குப் போனால் அம்மா என் வலக்கை நகங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். அறைத்தோழனோ, “உனக்கு வேற பாட்டே தெரியாதா?” என்று கேட்டான். பாட்டே இல்லையடா இது, வெறும் இரண்டு சுரம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு தட்டுக்கு நான்கு சுரம் என்ற நிலையில் 90ஐத் தொட எனக்கு எட்டு மாதங்கள் ஆயின.

எட்டு மாதங்கள் ஓர் அலங்காரத்துக்கா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். அலங்காரம்தானே, இல்லாவிட்டால் என்ன? ஒருமுறை எல்லா டிரில்களையும் நீக்கிவிட்டு அந்த உருப்படியை வாசித்துப் பார்த்தேன். உப்பில்லாத சோறு போல இருந்தது. அக்காலத்து இசையில் டிரில் பெரும்பாலும் மேல் சுரத்தில் தொடங்கும். அந்த மேல் சுரம் அடியில் ஒலிக்கும் சுரத்தோடு பல இடங்களில் ஒத்துப்போகாமல் சற்றே உரசும். அந்த உரசல் கீழ்ச் சுரத்தில் வந்து அடங்கும்போதுதான் மனத்துக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஏக்கமும் ஆறுதலும் அலங்காரத்துக்குள்தான் இருக்கின்றன. கருநாடக இசை கற்ற தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். “கமகத்தை எடுத்துட்டா ராகமே நிக்காது. இது இப்பத்தான் தெரியுமா?” என்று சிரித்தாள். சின்னது என்று நாம் ஒதுக்குவதில்தான் பல நேரங்களில் உயிர் இருக்கிறது.

இந்த எட்டு மாதங்களில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தவர் என் தமிழ்ப்பள்ளியின் இரண்டாம் ஆண்டு ஆசிரியை. ல, ள, ழ மூன்றையும் என் நாக்கு ஒன்றாகவே உருட்டும். அவர் என்னை மேசையருகே நிறுத்தி, ‘வாலை, வாளை, வாழை’ என்று சொல்லச் சொல்வார். ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக. நாக்கு எங்கே தொட வேண்டும், எங்கே தொடாமல் மடங்க வேண்டும் என்று தம் கைவிரலை வளைத்துக் காட்டுவார். சரியாக வரும்வரை உட்கார விடமாட்டார். அவர் கைதட்டியதாக எனக்கு நினைவில்லை. சரியாக வந்த அன்று, “ம், போய் உட்காரு” என்றார். இன்று எனக்கு ழகரம் வருகிறது என்றால் அந்த ‘ம்’ தான் காரணம்.

இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு நிலைமை மாறியது. என் தமிழைத் திருத்த ஆளில்லை, பாராட்டத்தான் ஆளிருந்தது. பள்ளி முடிந்தபின் நடந்த தமிழ் வகுப்பில் நாங்கள் சிலரே இருந்தோம். அந்த நிலையில் தமிழ் எடுப்பதே பெரிய காரியம், எழுதுவது அதைவிடப் பெரிய காரியம். உறவினர் வீட்டுத் திருமணத்தில் நான்கு வாக்கியம் பேசினால் போதும், “தேசியப் பள்ளியில படிச்சும் தமிழை எப்படிப் பேசறான் பாரு!” என்பார்கள். அந்த ‘படிச்சும்’ என்ற சொல்லில் நான் ஐந்து ஆண்டுகள் சுகமாகக் குடியிருந்தேன். ணகரமும் னகரமும் எனக்குள் கலந்துபோனது அந்த ஆண்டுகளில்தான். அதன் விளைவுதான் கலை இரவின் மேடைக்கு மேலே தொங்கியது.

ஔவையார் கைப்பழக்கத்தையும் நாப்பழக்கத்தையும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து வைத்தார் என்று பள்ளியில் படித்தோம். மேடைப் பேச்சுகளில் அதை எத்தனையோ முறை எடுத்தாண்டும் விட்டோம். ஆனால், பழக்கம் என்றால் என்ன என்று கொஞ்சம் நின்று யோசித்தோமா? தவற்றையே ஆயிரம் முறை செய்தால் அதுவும் பழக்கம்தான். என் மோதிர விரல் மூன்று வாரம் பழகியது நொண்டுவதற்குத்தான். யாராவது ஒருவர் கேட்டு, நிறுத்தி, இந்த விரல் என்று காட்டினால்தான் பழக்கம் பயிற்சியாகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் கருத்தையும் நான் அறிவேன். “குறை சொன்னால் இருப்பவர்களும் ஓடிவிடுவார்கள். தமிழ் தெரியாமல், கூச்சத்தோடு வருகிற தம்பி தங்கைகளை முதலில் அரவணைக்க வேண்டும்” என்று நம் மூத்த மாணவர்கள் சொல்வது உண்டு. இதில் நியாயம் இருக்கிறது. மலாய்த் தொடக்கப்பள்ளியில் படித்துவிட்டு, இருபது வயதில் அ, ஆ எழுதத் தொடங்குகிற தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எல்லோர் முன்னிலையிலும் அவர்களைத் திருத்துவது கொடுமை. பிழையைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கிண்டல் செய்யும் பழக்கமும் நம்மவரிடம் இல்லாமல் இல்லை. அதை நான் ஆதரிக்கவில்லை.

ஆனால், அந்த அக்கா என்ன செய்தார் என்று எண்ணிப் பாருங்கள். மேடையில் இருந்தபோது அவரும் கைதட்டியிருப்பார். கூட்டம் கலைந்த பிறகு, தனியாக வந்தார். ‘உன் வாசிப்பு மோசம்’ என்று சொல்லவில்லை. ஒரு விரலைப் பற்றி மட்டும் கேட்டார். விடையைக்கூட நானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு மனிதனின் இரண்டு நிமிட வாசிப்பை அவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருந்தால்தான் அப்படி ஒரு கேள்வி வரும். அன்று மண்டபத்தில் என் இசையை உண்மையிலேயே கேட்டவர் அவர் ஒருவர்தான் என்று இப்போது தோன்றுகிறது. மற்ற எல்லோரும் நம்ம பையன் என்பதற்காகத் தட்டினார்கள். அந்த அன்புக்கு நான் நன்றியுள்ளவன். ஆனால், அந்த அன்பினால் என் விரல் நேராகவில்லை.

எனவே, நம் மாணவர் இயக்கத்தின் முன் மூன்று சிறிய வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, பதாகையோ அழைப்பிதழோ அச்சுக்குப் போகுமுன் எழுதியவரைத் தவிர வேறு இருவர் அதை எழுத்தெழுத்தாகப் படிக்கட்டும். இரண்டு, ஒத்திகையில் பிழை கேட்பதற்கென்றே ஒருவரை உட்கார வைப்போம். அவருக்குக் கைதட்டும் வேலை வேண்டாம். மூன்று, நிகழ்ச்சி முடிந்த மறுநாள், மேடையேறியவர்கள் விரும்பினால், தேநீரோடு அரைமணி நேரம் அமர்வோம். அவரவருக்கு ஒரே ஒரு குறை, அதற்கு ஒரே ஒரு வழி. அதற்குமேல் வேண்டாம். மெட்ரோனோமைக்கூட ஒரே நாளில் 50இலிருந்து 90க்கு ஏற்ற முடியாது.

இவ்வளவு எழுதிவிட்ட நான் இதைக் கடைப்பிடிக்கிறேனா? இவ்வாண்டு கலை இரவில் முதலாம் ஆண்டுத் தங்கை ஒருத்தி தானே எழுதிய தமிழ்க் கவிதையை வாசித்தாள். தமிழ்ப்பள்ளி வாசலை மிதிக்காதவள். தானாகவே எழுத்துக் கற்றுக்கொண்டவள். மழை என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் மலை என்றாள். கவிதை முழுவதும் மழைதான்! கீழே இறங்கி வந்தவளிடம் என் வாயிலிருந்து வந்த முதல் சொல் என்ன தெரியுமா? ‘சூப்பர்’.

அவள் சிரித்துக்கொண்டே, “எல்லாரும் அதான் சொல்றாங்கண்ணே” என்றாள்.

அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி மட்டும் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் கைப்பேசியில் குவிந்த குறுஞ்செய்திகளைப் பார்த்தபோது எனக்குள் இருந்த அதே வெறுமை அதிலும் இருந்தது. அரை நிமிடம் தயங்கினேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, “ஒரே ஒரு எழுத்து இருக்கு. இப்ப உட்காரலாமா, நாளைக்கா?” என்று கேட்டேன். “இப்பவேண்ணே” என்றாள். என் ஆசிரியையைப் போல விரலை வளைத்துக் காட்டினேன். இருபது நிமிடத்தில் முழுதாக வரவில்லை. மறுவாரமும் உட்கார்ந்தோம். இப்போது பத்துக்கு ஆறுமுறை அவள் வாயில் மழை பெய்கிறது.

நண்பர்களே, கைதட்டுங்கள். தாராளமாகத் தட்டுங்கள். தட்டி முடித்த பிறகு வீட்டுக்குப் போய்விடாமல், அருகில் வந்து எந்த விரல் நொண்டுகிறது என்றும் சொல்லிவிட்டுப் போங்கள். இந்தக் கட்டுரையை எனக்குத் தெரிந்தவரையில் மும்முறை படித்துத் திருத்தியிருக்கிறேன். அப்படியும் எங்கேனும் ஒற்று மிகுந்தோ மறைந்தோ இருக்கலாம். ணகரம் தன் பழைய வேலையைக் காட்டியிருக்கலாம். கண்ணில் பட்டால், நல்ல கட்டுரை என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த வரியில் எந்த எழுத்து என்று சொல்லுங்கள். தேநீர் என் செலவு.